அலையைக் கண்ட கல்

1895-இல் கல்கத்தா நகர மண்டபத்தில் கூடியிருந்தோர் ஒரு விந்தையைக் கண்டனர். பிரசிடென்சி கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர் ஒருவர் மேசைமேல் வைத்திருந்த சிறு கருவியிலிருந்து கண்ணுக்குப் புலப்படாத அலையொன்று புறப்பட்டது. தலைமை வகித்த வங்காளத் துணைநிலை ஆளுநரைக் கடந்து, சுவர்களைக் கடந்து, சுமார் 75 அடி தொலைவில் மூடியிருந்த அறையில் ஒரு மணியை அது ஒலிக்கச் செய்தது. சிறிதளவு வெடிமருந்தையும் பற்றவைத்தது. இடையில் கம்பி ஏதுமில்லை. அந்தப் பேராசிரியர் ஜகதீஸ் சந்திர போஸ். அப்போது அவர் நாற்பது வயதைத் தொட்டிருக்கவில்லை.

அலை ஆளுநரின் உடலை ஊடுருவிச் சென்றது என்றே அவரது வரலாற்றை எழுதியவர்கள் பலரும் குறிப்பிடுகின்றனர். இதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. போஸ் விரும்பிக் கையாண்டவை மில்லிமீட்டர், சென்டிமீட்டர் அளவிலான குறுகிய அலைகள். அத்தகைய அலையின் ஆற்றலில் பெரும்பகுதியை மனிதனின் தோலும் அதை அடுத்த தசையுமே உறிஞ்சிக்கொள்ளும். உடலைச் சுற்றி வளைந்தும், பக்கச் சுவர்களில் பட்டுத் தெறித்தும் சென்ற பகுதியே அடுத்த அறையை எட்டியிருக்க வாய்ப்பு மிகுதி. மணி ஒலித்தது உறுதி. அலை எவ்வழியே வந்தது என்பது பார்த்தவர்களின் ஊகம். கருவி காட்டுவதற்கும், அதிலிருந்து நாம் கொள்ளும் பொருளுக்கும் இடையிலான இந்த இடைவெளி போஸை வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது. இன்று அது நம் வீட்டு வாசலுக்கும் வந்துவிட்டது.

எங்கள் அடுக்ககத்தை அடுத்த கட்டடத்தின் மொட்டைமாடியில் சென்ற ஆண்டு ஒரு கைப்பேசி கோபுரம் எழுந்தது; கூடவே அச்சமும் எழுந்தது. கைக்குழந்தை உள்ள வீட்டார் சன்னலைத் திறக்க அஞ்சினர். தலைவலி, தூக்கமின்மை என்று எது வந்தாலும் விரல்கள் அந்தக் கோபுரத்தையே சுட்டின. அதெல்லாம் வெறும் பீதி என்று நகைத்தவர்களும் இருந்தனர். இரு தரப்பாரும் எதையும் அளந்து பார்த்ததில்லை. கடைசியில் குடியிருப்போர் சங்கத்தின் பொதுப்பணத்தில் கையடக்கமான கதிர்வீச்சு மானி ஒன்று வாங்கப்பட்டது. நான் இயற்பியல் படித்தவன் என்பதால் அதைக் கையாளும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது.

சோப்புப் பெட்டியைவிடச் சற்றே பெரிய அந்தக் கருவிக்குள் இருப்பது எளிய அமைப்புதான். அலையை வாங்கிக்கொள்ளும் ஓர் ஆன்டெனா. அலையின் அதிவேக ஊசலாட்டத்தை ஒரே திசையில் நிற்கும் மின்னழுத்தமாக மாற்றித் தரும் குறைக்கடத்தி டையோடு. அந்த மின்னழுத்தத்தை எண்ணாகக் காட்டும் மின்சுற்று. இவற்றுள் நடுவில் நிற்கும் டையோடின் மூதாதையைத் தேடிப் போனால் கல்கத்தாவுக்கே போய்ச் சேர வேண்டியிருக்கிறது. நெடுநாள் முன்பு படித்த போஸின் வாழ்க்கையை மீண்டும் எடுத்துப் படித்தது இந்தக் காரணத்தால்தான்.

போஸ் 1858 நவம்பர் 30 அன்று, இன்று வங்கதேசத்தில் உள்ள மைமன்சிங்கில் பிறந்தார். தந்தை பகவான் சந்திர போஸ் ஆங்கிலேய அரசில் துணை மாஜிஸ்திரேட். பிரம்ம சமாஜத்தைச் சேர்ந்தவர். வசதி படைத்தோர் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதைப் பெருமையாகக் கருதிய அக்காலத்தில், அவர் தம் மகனை வங்கமொழிப் பள்ளியில் சேர்த்தார். வகுப்பில் சிறுவனின் ஒரு பக்கம் தந்தையிடம் பணிபுரிந்த இஸ்லாமியரின் மகன் அமர்ந்தான். மறுபக்கம் மீனவர் ஒருவரின் மகன். அவ்விருவரும் சொன்ன பறவைகள், விலங்குகள், நீர்வாழ் உயிர்கள் பற்றிய கதைகளே இயற்கையை ஆராயும் ஆவலைத் தமக்குள் விதைத்தன எனப் பிற்காலத்தில் போஸ் நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

கல்கத்தாவின் புனித சேவியர் கல்லூரியில் லாஃபோன் என்ற பாதிரியார் அவருக்கு இயற்பியல் கற்பித்தார். எதையும் மாணவர் கண்முன் செய்து காட்டிய பிறகே விளக்குவது அவர் வழக்கம். பின்னாளில் போஸ் தாம் நிகழ்த்திய உரைகளில் எல்லாம் கருவிகளை மேடையேற்றியது இந்த ஆசிரியரிடம் பெற்ற பயிற்சியின் பயன். 1880-இல் மருத்துவம் பயில லண்டன் சென்றார். ஏற்கெனவே பற்றியிருந்த காய்ச்சல் அங்கும் விடவில்லை. பிண அறுவை அறையின் நெடி உடல்நிலையை மேலும் கெடுத்தது. ஓராண்டில் மருத்துவத்தை விடுத்துக் கேம்பிரிட்ஜில் இயற்கை அறிவியல் பயின்றார். ரேலி பிரபு அங்கே அவரது ஆசிரியர்களுள் ஒருவர்.

நாடு திரும்பி 1885-இல் பிரசிடென்சி கல்லூரியில் பணியேற்றபோது, அவருக்கு முதல் அவமதிப்பு காத்திருந்தது. ஐரோப்பியப் பேராசிரியர் பெறும் ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு. அவருடைய நியமனம் தற்காலிகமானது என்பதால் அதிலும் பாதிதான் கிடைக்கும் என்றனர். போஸ் வேலையைத் துறக்கவில்லை, மனுப்போட்டு மன்றாடவுமில்லை. ஊதியத்தைத் தொட மறுத்து, வகுப்புகளை மட்டும் ஒழுங்காக நடத்தி வந்தார். ஒரு மாதம், இரு மாதம் அன்று, மூன்று ஆண்டுகள். அவரது கற்பிக்கும் திறனைக் கண்டு அரசு பணிந்தது. முழு ஊதியமும் முன்தேதியிட்டு வழங்கப்பட்டது. தொழில் முயற்சிகளில் நொடித்துப்போன தந்தையின் கடன்களை அந்தத் தொகையைக் கொண்டு அடைத்தார்.

அந்த மூன்றாண்டின் நடுவேதான் அவருக்குத் திருமணம் நடந்தது. 1887-இல் அவர் மணந்த அபலா நம் சென்னையோடு தொடர்புடையவர். கல்கத்தா மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்க்க மறுத்ததால், வங்க அரசின் உதவித்தொகையோடு 1882-இல் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு வந்து பயின்றவர் அவர். உடல்நலக் குறைவால் படிப்பை முடிக்க இயலாமல் திரும்பினார். ஊதியமே வராத வீட்டுக்கு மணமகளாக வந்தவர் என்பதைப் போஸின் பெருமை பேசுவோர் ஒரு வரியில் கடந்துவிடுகின்றனர். பின்னாளில் வங்கத்தில் பெண் கல்விக்காக அபலா ஆற்றிய பணி தனிக் கட்டுரைக்கு உரியது.

1894 நவம்பர் 30, தம் முப்பத்தாறாம் பிறந்தநாளில், இனி ஆய்வே தம் வாழ்க்கை என்று போஸ் முடிவு செய்தார். மின்காந்த அலைகள் உண்டு என்பதை ஜெர்மனியின் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் 1888-இல் மெய்ப்பித்துவிட்டார். 1894-இன் முதல் நாளிலேயே இளம் வயதில் மறைந்தும் போனார். ஹெர்ட்ஸின் பணியைப் பற்றி ஆலிவர் லாட்ஜ் எழுதியதைப் படித்த போஸுக்கு ஓர் எண்ணம் தோன்றியது. ஹெர்ட்ஸின் அலைகள் நீளமானவை. அவற்றை ஒளியைப் போலத் திருப்பவும் மடக்கவும் பெரிய ஆடிகளும் பெரிய கூடங்களும் வேண்டும். அலையைக் குறுக்கிவிட்டால் ஒரு மேசையிலேயே எல்லாவற்றையும் செய்து பார்த்துவிடலாம் அல்லவா?

கல்லூரியில் அவருக்கு ஆய்வுக்கூடம் என்று எதுவும் இல்லை. கிடைத்தது மிகச் சிறிய ஓர் அறை. செலவு சொந்தப் பணம். உதவிக்கு ஒரு தகரக் கொல்லர். அவருக்கும் போஸே பயிற்சி தந்தார். அந்த அறையிலிருந்து 5 மில்லிமீட்டர் வரை குறுகிய அலைகள் பிறந்தன. இன்றைய கணக்கில் சொன்னால் 12 முதல் 60 ஜிகாஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண். இந்தியாவில் 2022-ஆம் ஆண்டு ஏலம் விடப்பட்ட ஐந்தாம் தலைமுறை அலைக்கற்றைகளுள் மிக உயர்ந்தது 26 ஜிகாஹெர்ட்ஸ் பட்டை. போஸின் மேசை அதையும் தாண்டி நின்றது. எங்கள் சங்கம் வாங்கிய மானியோ 8 ஜிகாஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் காணாது. கடைகளில் விற்கும் வீட்டு மானிகள் பலவற்றின் எல்லை அதனினும் குறைவு. 26 ஜிகாஹெர்ட்ஸ் அலை ஒரு வீட்டுக் கூடத்தில் நிறைந்திருந்தாலும் அவற்றின் திரையில் எதுவும் தெரியாது. கருவி எதைக் காட்டுகிறது என்று கேட்பதற்கு முன் எதைக் காட்ட இயலாது என்று கேட்கும் பழக்கம் நம்மிடம் இல்லை.

போஸின் கருவிகளைப் படங்களில் பார்க்கும் எவருக்கும் வியப்பு மேலிடும். அலையைத் திரட்டும் புனல் வடிவக் கொம்பு, அலையை நடத்திச் செல்லும் குழாய், அதை மடக்கும் பட்டகம் என்று இன்றைய நுண்ணலைப் பொறியியலின் உறுப்புகள் பலவும் அங்கே உள்ளன. அலை ஒரே தளத்தில் அதிர்வதைத் தளவிளைவு என்பார்கள். அதை ஆராய அவர் பயன்படுத்திய பொருள்களுள் ஒன்று பிராட்ஷா என்னும் ரயில்வே கால அட்டவணைப் புத்தகம். அதன் பக்கங்களுக்கு இடையே ஈயத் தகடு போன்ற மெல்லிய உலோகத் தாள்களைச் செருகினார். புத்தகம் அலையை வடிகட்டும் கருவியாயிற்று. சணல் நாரை முறுக்கி, அதனூடே செல்லும் அலையின் தளம் திரும்புவதையும் காட்டினார். வங்கத்தில் சணலுக்கா பஞ்சம்!

1895 மே மாதம் வங்காள ஆசியக் கழகத்தில் அவரது முதல் ஆய்வுக் கட்டுரை வாசிக்கப்பட்டது. 1896-இல் லண்டன் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் அளித்தது. 1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனின் புகழ்பெற்ற வெள்ளி மாலைச் சொற்பொழிவை நிகழ்த்தினார். பெட்டியில் அடங்கும் கருவிகளைக் கையோடு எடுத்துச் சென்று, ஃபாரடே நின்ற மேடையில் இயக்கிக் காட்டினார்.

அவரை விடாமல் தொல்லைப்படுத்தியது அலையை உண்டாக்கும் பகுதி அன்று. அதை உணரும் பகுதியே. அக்கால ஏற்பிகள் பெரும்பாலும் உலோகத் துகள்களால் ஆனவை. அலை பட்டதும் துகள்கள் ஒட்டிக்கொண்டு மின்சாரத்தைக் கடத்தும். மீண்டும் உணர வேண்டுமானால் தட்டிக் குலைக்க வேண்டும். கல்கத்தாவின் ஈரக் காற்றில் அவை இன்னும் மோசமாயின. துகள்களுக்கு மாற்றாக நுண்ணிய சுருள்வில்களை வரிசையாக அடுக்கி, அவற்றின்மேல் விழும் அழுத்தத்தைத் திருகால் கூட்டிக் குறைக்கும் ஏற்பியைப் போஸ் அமைத்தார். 1899-இல் இரும்பையும் பாதரசத்தையும் கொண்டு, தட்டாமலே தானாக மீளும் ஏற்பியை விவரித்து ராயல் சொசைட்டிக்குக் கட்டுரை அளித்தார். 1901 டிசம்பரில் அட்லாண்டிக் கடலுக்கு அப்பாலிருந்து வந்த சமிக்ஞையை மார்க்கோனி கேட்டது இவ்வகை ஏற்பியால்தான் என்றும், அதன் மூலம் போஸின் கட்டுரையே என்றும் ஆய்வாளர்கள் பின்னாளில் வாதிட்டுள்ளனர். வானொலியைக் கண்டுபிடித்தவர் யார் என்ற வழக்கில் எனக்கு ஆர்வமில்லை. தொலைதூரத்துக்குச் செய்தி அனுப்புவது மார்க்கோனியின் வேட்கை. போஸ் அதைத் தேடவே இல்லை. அலையின் இயல்பை அறிவதே அவர் நோக்கம்.

அத்தேடலில் அவர் கையில் அகப்பட்டது ஒரு கல். கலீனா என்னும் காரீயத் தாதுவின் படிகத்தை மெல்லிய உலோக முனை தொட்டு நிற்கும்போது, அலை படுந்தோறும் மின்னோட்டம் மாறியது. படிகங்களில் மின்சாரம் ஒரு திசையில் எளிதாகவும் மறுதிசையில் அரிதாகவும் பாய்வதை ஜெர்மனியின் பெர்டினாண்ட் பிரௌன் 1874-இலேயே கண்டிருந்தார். அந்தக் கல்லை மின்காந்த அலையை உணரும் புலனாக ஆக்கியது போஸின் சாதனை. ரேடியோ அலை மட்டுமின்றி ஒளியையும் அது உணர்ந்ததால், அதைச் செயற்கையான ஒரு கண் என்றே அவர் கருதினார்.

இதற்குக் காப்புரிமை பெற அவர் உடன்படவில்லை. அறிவை விலைக்கு விற்பது அவருக்கு ஏற்புடைய செயல் அன்று. அமெரிக்கத் தோழியான சாரா புல் அம்மையாரும் சகோதரி நிவேதிதையும் வற்புறுத்தியதால் 1901-இல் விண்ணப்பம் போயிற்று. 1904 மார்ச் 29 அன்று அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. குறைக்கடத்தியால் ஆன ஏற்பிக்கு உலகில் வழங்கப்பட்ட முதல் காப்புரிமை அதுவே எனக் கருதப்படுகிறது. போஸ் அதைக் கொண்டு ஒரு காசும் ஈட்டவில்லை, காலாவதியாக விட்டுவிட்டார். இந்தத் துறவைப் புகழாதவர் இல்லை. எனக்கோ முழு மனதோடு புகழ வரவில்லை. அந்தக் கல்லைச் சுற்றிக் கல்கத்தாவில் ஒரு பட்டறை எழுந்திருந்தால், இன்று எங்கள் சங்கம் வாங்கிய மானி கப்பலேறி வந்திருக்க வேண்டியதில்லை.

அந்த மானிக்கு வருகிறேன். முதல்நாள் பால்கனியில் நின்று இயக்கியபோது திரையில் 2,000-ஐ ஒட்டிய எண் தோன்றிற்று. சிவப்பு விளக்கும் எரிந்தது. கூடியிருந்தோர் முகம் வெளிறினர். எண்ணுக்குக் கீழே சிறிய எழுத்தில் இருந்த அலகை எவரும் பார்க்கவில்லை. அது ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை மைக்ரோவாட் என்னும் அலகு. பன்னாட்டு ஆணையம் பரிந்துரைத்த வரம்பில் பத்தில் ஒரு பங்கை 2012 செப்டம்பர் 1 முதல் இந்தியா நடைமுறைப்படுத்தியது. அதன்படி 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு ஒரு சதுர மீட்டருக்கு 0.45 வாட் வரை இருக்கலாம். மானியின் அலகில் எழுதினால் அது 4,50,000. அந்த வரம்போடு ஒப்பிட்டால் எங்கள் 2,000 அதில் அரை விழுக்காடுகூட இல்லை. சிவப்பு விளக்கு எந்த அளவில் எரிய வேண்டும் என்பதைப் பல மானிகளில் உற்பத்தியாளரே தம் விருப்பப்படி அமைத்துவிடுகிறார். அரசு வரம்புக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இதைச் சொன்னதும் அச்சமில்லாதோர் தரப்பு வென்றுவிட்டதாகக் கொண்டாடியது. அவர்களுக்கும் நான் இடம் கொடுக்கவில்லை. ஒரே ஓர் எண் எதையும் மெய்ப்பிக்காது. மானியைப் பிடித்த கையும் உடலும் அலையை மறைக்கும், தெறிக்கவும் செய்யும். ஒற்றை ஆன்டெனா உள்ள மானியைத் திருப்பினால் எண் மாறும். போஸின் ரயில்வே புத்தகம் காட்டிய தளவிளைவுதான் காரணம். ஆகவே மூன்று திசைகளிலும் அளக்க வேண்டும். நண்பகலில் ஓர் அளவு, எல்லோரும் கைப்பேசியில் மூழ்கும் இரவு 9 மணிக்கு வேறோர் அளவு. கணநேரத்தில் வந்து போகும் உச்சம் வேறு. சில நிமிடங்களின் சராசரி வேறு. பன்னாட்டு வரம்பு நிமிடக்கணக்கான சராசரியை அடிப்படையாகக் கொண்டது. திரையோ உச்சத்தையே உரக்கக் காட்டும். மலிவான மானிகளின் துல்லியத்தை உறுதிசெய்ய, அளவறிந்த அலையில் வைத்துச் சரிபார்த்த சான்றும் வேண்டும். எங்கள் மானியோடு அப்படிச் சான்று எதுவும் வரவில்லை.

வேறொன்றும் தெரிந்தது. சமிக்ஞை குன்றிய மின்தூக்கிக்குள் கைப்பேசியில் பேசியபடி அதனருகே மானியை வைத்தபோது, பால்கனியில் கண்டதைவிடப் பன்மடங்கு பெரிய எண் வந்தது. காரணம் எளிது. மூலத்திலிருந்து விலக விலக, அலையின் செறிவு தொலைவின் இருமடிக்கு ஏற்பக் குறைகிறது. கோபுரம் பல மீட்டர் தொலைவில், கைப்பேசி காதோரத்தில். அதோடு, சமிக்ஞை மெலிந்த இடத்தில் கைப்பேசி தன் ஆற்றலைக் கூட்டிக்கொண்டு கூவும். கோபுரம் அகன்றால் நம் கையில் இருப்பது இன்னும் உரக்கக் கூவ நேரும் என்பதை அச்சப்பட்டோர் நம்ப மறுத்தனர். மறுப்பது அவர்கள் உரிமை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-இல் இவ்வகை அலைகளைப் புற்றுநோய் உண்டாக்கக் கூடும் என்ற ஐயத்துக்குரிய வகையில் வைத்தது. சான்று வரம்புக்குட்பட்டது என்பதே அவ்வகையின் பொருள். அணுவிலிருந்து மின்னணுவைப் பிடுங்கும் ஆற்றல் இந்த அலைகளுக்கு இல்லை என்பதும் உண்மை. இரண்டையும் ஒருசேர மனத்தில் வைத்திருப்பது கடினமாயிருக்கிறது.

நாங்கள் ஒரு குறிப்பேடு தொடங்கினோம். இடம், நாள், நேரம், மானியைப் பிடித்த திசை, உச்சம், சராசரி என எல்லாம் எழுதப்படும். அளப்பவர் இரு தரப்பிலிருந்தும் ஒவ்வொருவர். 2017 முதல் தொலைத்தொடர்புத் துறை நடத்திவரும் தரங் சஞ்சார் என்னும் சேவையில் ரூ. 4,000 கட்டணம் செலுத்திக் கதிர்வீச்சை அளந்து தரக் கோரலாம். அதற்கும் பணம் திரட்டினோம். அவர்களது எண்ணோடு நம் எண்ணை ஒப்பிட்டால் நம் மானி எவ்வளவு பிசகுகிறது என்பதாவது விளங்கும்.

போஸும் தம் கருவியின் பிசகையே உற்று நோக்கினார். அங்கேதான் அவர் வாழ்க்கை திரும்புகிறது. தொடர்ந்து அலையை வாங்கிக்கொண்டிருந்த ஏற்பி சிறிது நேரத்தில் மந்தமாவதையும், ஓய்வு கொடுத்தால் மீண்டும் கூர்மை பெறுவதையும் அவர் கண்டார். வேறொருவராயின் பழுதென்று எண்ணிக் கருவியை மாற்றியிருப்பார். போஸ் அந்தக் களைப்பை வரைகோடாகப் பதிந்தார். களைத்த தசையின் வரைகோட்டோடு ஒப்பிட்டால் இரண்டும் ஒன்றுபோல் இருந்தன. பின் செடியைச் சோதித்தார்; அங்கும் அதே வளைவு. உயிருள்ளதற்கும் உயிரற்றதற்கும் இடையே அறுதியான எல்லை இல்லை என்ற முடிவுக்கு வந்தார்.

1901 மே மாதம் இதை ராயல் இன்ஸ்டிடியூஷனில் விளக்கினார். ராயல் சொசைட்டியில் உடலியலாளர்கள் எதிர்த்தனர். முதுபெரும் உடலியலாளர் பர்டன் சாண்டர்சன், போஸ் தம் துறையான இயற்பியலோடு நின்றுகொள்வது நல்லது என அறிவுறுத்தினார். அக்கட்டுரை அச்சேறாமல் கிடப்பில் போடப்பட்டது. அடுத்த ஆண்டே போஸ் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார். பணத்துக்கும் மனத்துக்கும் தளர்ச்சி நேர்ந்த இந்த ஆண்டுகளில் ரவீந்திரநாத் தாகூரின் நட்பும் நிவேதிதையின் உழைப்பும் அவரைத் தாங்கி நின்றன. அவருடைய நூல்கள் ஆங்கிலத்தில் செம்மை பெற நிவேதிதை அளித்த உதவி பெரிது.

இந்தப் பூசலில் இனவெறுப்பு இருந்தது. துறை எல்லையைக் காக்கும் பொறாமையும் இருந்தது. ஆனாலும் எதிர்த்தவர்களின் கேள்வியில் ஒரு நியாயம் இருந்ததாகவே நான் எண்ணுகிறேன். இரு வளைவுகள் ஒத்திருப்பதால் அவற்றை உண்டாக்கிய காரணமும் ஒன்றாகிவிடாது. தகரத்துக்கும் தசைக்கும் பொதுவான களைப்பு என்ற சொல்லைச் சூட்டியவர் போஸ். கருவி காட்டியது வளைவை மட்டுமே. மறுபுறம், செடிக்குள் மின் சமிக்ஞைகள் ஓடுகின்றன என்று அவர் அளந்து சொன்னது நிலைத்துவிட்டது. இன்றைய தாவரவியல் அதை ஒரு தனிக் கிளையாகவே வளர்க்கிறது. உலோகம் பற்றிய அவர் கருத்தை எவரும் பின்தொடரவில்லை.

எஞ்சிய காலமெல்லாம் இன்னும் நுண்ணிய மானிகளை ஆக்குவதில் கழிந்தது. செடியின் வளர்ச்சியைப் பதினாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் அவற்றுள் புகழ்பெற்றது. 1914-இல் தொட்டாற்சிணுங்கியையும், தானே இலையாட்டும் தொழுகண்ணியையும் கப்பலில் ஏற்றி ஐரோப்பாவுக்குக் கொண்டு போனார். குளிரில் அவை வாடாமல் காப்பதற்கு அவர் பட்ட பாடு, பிள்ளையை வெளியூர் அழைத்துச் செல்லும் தாயின் பாட்டுக்கு நிகர். 1915-இல் கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். 1917-இல் சர் பட்டம் வந்தது. அதே ஆண்டு நவம்பர் 30, தம் 59-ஆம் பிறந்தநாளில், கல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கு கண்டறியப்படும் எதற்கும் காப்புரிமை பெறுவதில்லை என அன்று அறிவித்தார். 1911-இல் மறைந்த நிவேதிதையின் நினைவாக, விளக்கேந்திய பெண்ணின் புடைப்புச் சிற்பம் ஒன்றை அங்கே அமைத்தார்.

ஐயங்கள் ஓயவில்லை. கிரெஸ்கோகிராஃப் காட்டுவது செடியின் வளர்ச்சியைத்தானா, வெப்பத்தால் நேரும் விரிவையா என்று லண்டனில் கேள்வி எழுந்தது. 1920-இல் லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் அறிவியலாளர் குழு ஒன்றின் முன் கருவியை வைத்து அவர் இயக்கிக் காட்டினார். பார்த்தவர்கள், அது வளர்ச்சியையே பதிவுசெய்கிறது என்று செய்தித்தாளில் எழுதிக் கையொப்பமிட்டனர். அவ்வாண்டே ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. கட்டுரையைக் கிடப்பில் போட்டு அப்போது 19 ஆண்டுகள் ஆகியிருந்தன.

1937 நவம்பர் 23 அன்று, 79-ஆம் பிறந்தநாளுக்கு ஒரு வாரம் இருக்கையில், கிரிடியில் போஸ் காலமானார். கல்கத்தாவில் அவர் நிறுவிய ஆய்வகத்தின் அருங்காட்சியகத்தில் அவருடைய கருவிகள் இன்றும் உள்ளன. பித்தளைக் கொம்புகளுக்கும் சுருள்வில் ஏற்பிகளுக்கும் இடையே, உலோகத் தாள் செருகிய அந்த ரயில்வே கால அட்டவணையும் இருக்கிறது.